பிளாட்ஸ்பர்க்கா, நியூ ஆர்லியன்ஸா: 1812 போரின் இறுதிச் சண்டைகள்

அமெரிக்கா பிரிட்டனுடன் 1812இல் தொடங்கிய போரின் இறுதி வெற்றி என்றதும் நியூ ஆர்லியன்ஸையே பலரும் சொல்வர். விளைவை வைத்துப் பார்த்தால் நியூயார்க் மாநிலத்தின் பிளாட்ஸ்பர்க் சண்டைக்கே எடை அதிகம். 1814 செப்டம்பர் 11 அன்று, அந்நகரை ஒட்டிய சாம்ப்ளெய்ன் ஏரியில், அமெரிக்கக் கப்பலான சரடோகாவின் ஒரு பக்கப் பீரங்கிகள் செயலிழந்ததும், முன்கூட்டியே போட்டுவைத்திருந்த நங்கூரங்களின் கயிறுகளை இழுத்துக் கப்பலையே திருப்பி, மறுபக்கப் பீரங்கிகளால் தாக்குதலைத் தொடர்ந்தார் அமெரிக்கக் கப்பற்படைத் தலைவர் மெக்டொனோ. பிரிட்டிஷ் கப்பற்படைத் தலைவர் டவுனி தொடக்கத்திலேயே மாண்டிருந்தார். ஏரி கைநழுவியதால், கரையில் பெரும்படையுடன் நின்ற பிரிட்டிஷ் தளபதி பிரெவோ கனடாவுக்குத் திரும்பினார். இன்றைய பெல்ஜியத்திலுள்ள கெண்ட் நகரில் நடந்த அமைதிப் பேச்சுவார்த்தையில் இது அமெரிக்கத் தரப்புக்கு வலுச்சேர்த்தது.

நியூ ஆர்லியன்ஸில் 1815 ஜனவரி 8 அன்று அமெரிக்கத் தளபதி ஜாக்சனின் மண்ணரணை நேராகத் தாக்கிய பிரிட்டிஷ் படை, தளபதி பேக்கன்ஹாமை இழந்து, ஏறத்தாழ 2,000 பேர் சேதத்துடன் தோற்றது. அமைதி உடன்படிக்கையோ அதற்கு முன், 1814 டிசம்பர் 24 அன்றே கையெழுத்தாகியிருந்தது. எனினும் பிப்ரவரியில்தான் அமெரிக்க செனட் அதை ஏற்றது, அதுவரை போர் முறைப்படி முடியவில்லை என்பதால், அச்சண்டையை வீண் என ஒதுக்குவது சரியன்று.