டஸ்ட் என்றால் தூசியா? ஹட்டனில் ஒரு தேயிலைக் கடை

மகள் இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறாள். போன வாரம் தேயிலைப் பையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அம்மா, டஸ்ட்னா தூசின்னுதானே டீச்சர் சொன்னாங்க? நாம தூசியையா குடிக்கிறோம்?" என்று கேட்டாள். அவளையும் கூட்டிக்கொண்டு, ஹட்டன் பஸ் நிலையத்துப் பக்கம் நான் வழக்கமாக வாங்கும் கடைக்குப் போனேன்.

சின்னக் கடைதான். கடைக்கார அண்ணன் கேள்வியைக் கேட்டதும் மூன்று வெள்ளைப் பீரிசுகளை எடுத்து வைத்தார். ஒன்றில் ஓபி, அதாவது ஆரஞ்சு பீக்கோ: கம்பியை முறுக்கியது மாதிரி நீளமாக. அடுத்ததில் பிஓபி, அதாவது புரோக்கன் ஆரஞ்சு பீக்கோ: குருணை போல. மூன்றாவதில் டஸ்ட்: தொட்டால் விரல் ரேகைக்குள் ஒட்டிக்கொள்ளும் கறுப்பு மணல். "எல்லாம் ஒரே கொழுந்துதான் பிள்ளை. எல்லாச் சல்லடையும் தாண்டி இறங்குறதுதான் டஸ்ட்" என்றார்.

என் அப்பா ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், சல்லடைப் பக்கம் வேலை செய்தவர். அங்கே டஸ்ட் என்பது அளவின் பெயர். வீட்டில் கிளாஸ் 'புரோக்கன்' ஆனால் ஏச்சு விழும். ஸ்டோரில் புரோக்கன் ஆரஞ்சு பீக்கோ என்றால் நல்ல சாமான். அதில் வரும் ஆரஞ்சுக்கும் தோடம்பழத்துக்கும் சம்பந்தமே இல்லை. பீக்கோ சீனத்திலிருந்து வந்த சொல். இளங்கொழுந்தின் வெள்ளை ரோமத்தைக் குறித்தது. மகள் அங்கேயே நின்று கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

250 கிராம் டஸ்டும் 100 கிராம் பிஓபியும் வாங்கினேன். டஸ்ட் பொடியாக இருப்பதால் சாயம் சட்டென்று இறங்குகிறது. பால் ஊற்றினாலும் நிறம் செத்துப்போகவில்லை. காலை அவசரத்துக்கு அதுதான். பிஓபியை மூன்று நிமிடம் மூடி வைத்து, கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு சாயத்தண்ணியாகக் குடித்தேன். அந்த வாசனைக்குப் பால் ஊற்ற மனம் வரவில்லை.

முன்பு வேறொரு டவுனில் டஸ்ட் என்று வாங்கி ஏமாந்திருக்கிறேன். மண் நிறம், உள்ளே நார், சாயம் வந்தது, மணம் வரவில்லை. அதைத் தூசி என்றே சொல்லலாம். எங்கே வாங்கினாலும் வெள்ளைப் பீரிசில் கொட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

இந்தக் கடையில் ஒரு குறை, மெல்லிய காகிதப் பையில்தான் கட்டித் தருகிறார்கள். நம்ம ஊர் மழைக்கும் பனிக்கும் அது தாங்காது. மூடி இறுக்கமான போத்தல் ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள், அண்ணன் அதிலேயே நிறுத்துப் போட்டுத் தருவார்.