ஏசி போட்டால் சூடாகும் கார்: காற்றுப் பக்கமா, தண்ணீர்ப் பக்கமா?

போன சித்திரையில் எங்கள் குடும்பத்தில் இரண்டு கார்களுக்கு ஒரே புகார். ஏசி போட்டால் சூட்டு முள் ஏறுகிறது, நிறுத்தினால் இறங்கிவிடுகிறது. ஒன்று திருப்பூரில் நான் தினமும் ஓட்டும் சின்ன பெட்ரோல் கார். இன்னொன்று காங்கேயம் பக்கம் தோட்டத்தில் நிற்கும் சித்தப்பாவின் டீசல் வண்டி. யாரிடம் கேட்டாலும் இரண்டுக்கும் ஒரே வைத்தியம்தான் சொன்னார்கள். கடைசியில் பார்த்தால், என் வண்டியில் அடைத்திருந்தது காற்று போகும் வழி, அவர் வண்டியில் அடைத்திருந்தது தண்ணீர் போகும் வழி. இதைப் பிரித்துப் பார்க்காமல் சாமான் மாற்றத் தொடங்கினால் பணம்தான் கரையும். என் வண்டிக்கு ஒரு பட்டறையில் முதலில் தெர்மோஸ்டாட்டை (இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) மாற்றினார்கள், அப்புறம் வாட்டர் பம்பை மாற்றினார்கள். கழற்றிய இரண்டும் நல்ல சாமான்கள்.

ஏசிக்கும் இன்ஜின் சூட்டுக்கும் என்ன தொடர்பு? முன் கிரில்லுக்குப் பின்னால் முதலில் நிற்பது ஏசியின் கண்டென்சர். அதை ஒட்டினாற்போல் பின்னால் ரேடியேட்டர். காருக்குள்ளிருந்து எடுத்த சூட்டைக் கண்டென்சர் காற்றில் இறக்கிவிடும். அந்தச் சூடான காற்றை வைத்துத்தான் ரேடியேட்டர் இன்ஜினைக் குளிர்விக்க வேண்டும். போதாததற்கு, கம்ப்ரசரைச் சுழற்ற இன்ஜின் மூன்று நான்கு குதிரைத் திறனைக் கூடுதலாகத் தர வேண்டியிருக்கிறது. ஈரோட்டில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாளிலும் நல்ல நிலையிலுள்ள வண்டி இதைத் தாங்கும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். தாங்கவில்லை என்றால் எங்கோ பாதி அடைப்பு ஏற்கெனவே இருக்கிறது, ஏசி போட்டதும் அது வெளியே தெரிகிறது.

அதனால் நான் முதலில் கேட்பது எந்தச் சாமான் என்றல்ல, எந்த இடத்தில் ஏறுகிறது என்றுதான். சித்தப்பாவிடம் போனில் கேட்டேன்.

"டவுனுக்குள்ள நிக்கறப்ப ஏறுதுங்களா சித்தப்பா?"

"அங்கெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு. தாளவாடிக்குப் போறப்ப, பண்ணாரி தாண்டி மேடு ஏறுனாத்தான் முள்ளு மேல போயிருது."

என் வண்டி நேர் எதிர். திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்டு நெரிசலில் பத்து நிமிடம் நின்றால் முள் முக்கால் பங்குக்குப் போய்விடும். அவிநாசி தாண்டிப் பெரிய ரோட்டில் எண்பதில் விட்டால் தானாக இறங்கிவிடும்.

நிற்கும்போது ஏறி ஓடும்போது இறங்கினால் காற்றுப் பக்கம். ஓடும்போது காற்று தானாக வந்து மோதுகிறது, நின்றால் ஃபேன் ஒன்றுதான் கதி. நிற்கும்போது ஒன்றுமில்லாமல், மேட்டிலோ வேகத்திலோ ஏறினால் தண்ணீர்ப் பக்கம். இன்ஜின் கக்கும் சூடு கூடக்கூட, அதைச் சுமந்துபோக ஓடும் தண்ணீர் போதவில்லை என்று பொருள். டீசலில் மட்டும் ஒரு எச்சரிக்கை: டீசல் இன்ஜின் சும்மா நிற்கும்போது கக்கும் சூடு குறைவு, ஃபேன் செத்திருந்தாலும் முள் ஏற நேரமாகும். அதனால் டீசல் வண்டியில் ஃபேனைக் கண்ணால் பார்த்தபிறகே முடிவுக்கு வர வேண்டும்.

இன்னொரு அடையாளத்தை ஏனோ யாரும் சொல்வதில்லை. காற்றுப் பக்கக் கோளாறில் முள் ஏறும் நேரத்திலேயே ஏசியின் குளிர்ச்சியும் குறையும். ரேடியேட்டருக்குக் கிடைக்காத காற்று கண்டென்சருக்கும் கிடைக்காது அல்லவா? தண்ணீர்ப் பக்கக் கோளாறில் முள் ஏறினாலும் ஏசி ஜில்லென்றே இருக்கும், சூடு எல்லை மீறிக் கம்ப்ரசர் தானாக நின்றுபோகும்வரை. என் காரில் நெரிசலில் நிற்கும்போதெல்லாம் ஏசி வெதுவெதுப்பாகத்தான் வந்தது. "கேஸ் குறைஞ்சிருக்கும்" என்று நானும் நம்பினேன். கேஸ் ஏற்றினோம், நிலைமை மோசமானது. அளவுக்கு மேல் கேஸ் போனால் கண்டென்சரின் அழுத்தம் கூடும், கம்ப்ரசர் இழுக்கும் பாரமும் கூடும்.

காற்றுப் பக்கத்தைச் சோதிக்கப் பட்டறை தேவையில்லை. இன்ஜினை ஓடவிட்டு ஏசி போடுங்கள். பெரும்பாலான கார்களில் சில நொடிகளில் ரேடியேட்டர் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றவில்லையா? ஃபியூஸ், ரிலே, அப்புறம் மோட்டார். ரிலே பெட்டியில் அதே மாதிரி இன்னொரு ரிலே இருந்தால் இடம் மாற்றிப் பார்க்கலாம். சுற்றினாலும் ஒரு கைக்குட்டையை முன் கிரில்லில் வைத்துப் பாருங்கள், ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கார்பன் தேய்ந்த மோட்டார் சுற்றும், ஆனால் இழுக்காது. மோட்டார் மாற்றியபோது ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டால் ஃபேன் எதிர்ப்புறம் ஊதும், கைக்குட்டை விழுந்துவிடும்.

என் காரில் ஃபேன் நன்றாகவே சுற்றியது. கைக்குட்டைதான் நிற்கவில்லை. முன்னாலிருந்து டார்ச் அடித்தால் கண்டென்சர் சுத்தமாகத் தெரிந்தது, வாட்டர் வாஷ்காரர்கள் மாதாமாதம் அடிக்கிறார்களே. கண்டென்சரையும் ரேடியேட்டரையும் போல்ட் கழற்றிப் பிரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. இரண்டுக்கும் நடுவில் மெத்தை மாதிரி பஞ்சு! பனியன் கம்பெனி வாசல்களில் நாள் முழுக்க நிற்கும் வண்டி. பறக்கும் நூல் தூசி கண்டென்சரின் இடுக்குகளில் நுழைந்து ரேடியேட்டர் முகத்தில் படிந்து, மழை ஈரத்தில் அப்பிக்கொண்டு காய்ந்திருந்தது. பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் நார் மில் ஓரமாக வண்டி நிறுத்துபவர்களும் இந்த இடத்தைக் கட்டாயம் பிரித்துப் பார்க்க வேண்டும். முன்னாலிருந்து தண்ணீர் அடித்தால் பஞ்சு இன்னும் உள்ளேதான் போகும். பிரித்து, இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெதுவான அழுத்தத்தில் அடிக்க வேண்டும். வேகமாக அடித்தால் மெல்லிய அலுமினியத் தகடுகள் மடங்கி, அதுவே புது அடைப்பாகிவிடும்.

இனி சித்தப்பா வண்டி. மூடியைத் திறந்ததும் தெரிந்துவிட்டது: கூலன்டின் பச்சை நிறமே இல்லை, செங்கல் கரைத்த மாதிரி தண்ணீர். "தோட்டத்துப் போர் தண்ணிதான் கண்ணு, குறையறப்ப எல்லாம் ஊத்துவோம்." அந்தப் போர் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக உப்புப் பிடித்திருப்பதை அந்த வீட்டில் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். அதே உப்புதான் ரேடியேட்டர் குழாய்களிலும் படிகிறது, துருவும் சேர்ந்துகொள்கிறது. சூடான இன்ஜினை நிறுத்திவிட்டு ரேடியேட்டர் முகத்தில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை நகர்த்திப் பார்த்தோம். நடுவில் ஒரு பட்டை முழுக்கச் சூடே இல்லை, அங்கே தண்ணீர் ஓடவில்லை.

தண்ணீர்ப் பக்கத்தில் சந்தேகப்பட வேண்டியவை இன்னும் உண்டு. மூடியின் ரப்பர் தளர்ந்தால் அழுத்தம் நிற்காது. ஒரு பார் அழுத்தம் நின்றால் வெறும் தண்ணீரே சுமார் 120 டிகிரிவரை கொதிக்காது, நிற்காவிட்டால் 100 டிகிரியிலேயே பொங்கிவிடும். மூடி மலிவான சாமான், முதலில் மாற்றிப் பார்க்க ஏற்றது. (சூடாக இருக்கும்போது அதைத் திறக்கவே கூடாது, முகம் வெந்துவிடும்.) வாட்டர் பம்ப் பற்றிக் கோயம்புத்தூர்க்காரர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கிணற்று மோட்டாரில் இம்பெல்லர் தேய்ந்தால் எப்படித் தண்ணீர் ஏறாதோ அப்படித்தான் இங்கேயும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பழக்கத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். "நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்குங்க?" என்று கேட்டு எடுத்துவிடுவார்கள். எனக்கு இதில் சமரசமே இல்லை. அது இல்லாவிட்டால் சாதாரண ஓட்டத்தில் இன்ஜின் உரிய சூட்டுக்கு வராது, பெட்ரோல் கூடுதலாகப் போகும். சில இன்ஜின்களில் பைபாஸ் வழியை மூடுவதும் அதே தெர்மோஸ்டாட்தான். அதை எடுத்துவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கே திரும்பிவிடும், சூடு முன்பைவிட ஏறும். ஃபேனை நேரடியாக பேட்டரியில் இணைத்து எந்நேரமும் சுற்றவிடுவதும் இதே ரகம். நடுவழியில் வீடு வந்து சேர அப்படிச் செய்யலாம், அடுத்த நாளே ரிலேயைச் சரி செய்ய வேண்டும்.

ரேடியேட்டர் அடைத்திருந்தால் மருந்து ஊற்றி ஃப்ளஷ் செய்வதா, கழற்றிக் குத்திச் சுத்தம் செய்வதா, புதிதா? அடைப்பு ஆரம்பநிலையில் இருந்தால் ஃப்ளஷ் போதும். பழைய செம்பு, பித்தளை ரேடியேட்டர் என்றால் தொட்டியைப் பிரித்துக் கம்பி விட்டுக் குத்தி, திரும்பப் பற்றவைக்கலாம், பழைய கைகள் இதை அருமையாகச் செய்வார்கள். இப்போதைய கார்களில் அலுமினியக் குழாய், பிளாஸ்டிக் தொட்டி. அதைப் பிரித்து மடித்துச் சேர்த்தால் ஒழுக வாய்ப்பு அதிகம். பட்டை முழுக்க அடைத்த அலுமினிய ரேடியேட்டருக்குப் புதிதே மேல் என்பது என் முடிவு, அதையே சித்தப்பாவுக்கும் சொன்னேன். கூலன்டைப் போர் தண்ணீரில் கலக்காமல் டிஸ்டில்டு வாட்டரில் பாதிக்குப் பாதி கலந்தோம். கூலன்ட் அதிகமானால் நல்லது என்று அப்படியே ஊற்றவும் கூடாது. தண்ணீர் அளவுக்கு அது சூட்டைச் சுமக்காது.

இரண்டு பக்கத்திலும் சேராத ஒன்று ஹெட் கேஸ்கெட், அதாவது இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்தில் மேல் ஓஸ் கல் மாதிரி இறுகினாலோ, ரிசர்வ் தொட்டியில் விடாமல் குமிழி வந்தாலோ, ஆயில் பால் போல வெளுத்தாலோ வண்டியை ஓட்டாமல் கட்டி இழுத்துப் போங்கள்.

வழியில் முள் ஏறிவிட்டால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் திருப்பி, ப்ளோயரை வேகமாக வையுங்கள். வியர்க்கும்தான். ஆனால் ஹீட்டரின் உள்ளே இருப்பதும் ஒரு குட்டி ரேடியேட்டர், ஓரமாக நிறுத்தும்வரை அது கைகொடுக்கும்.

ஆடியில் சித்தப்பா குடும்பத்தோடு தாளவாடிக்குப் போனார். திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளும் முடிந்ததும் மேலிருந்து போன் செய்தார். "ஏசி போட்டுத்தான் வந்தேன் கண்ணு, முள்ளு பாதியத் தாண்டல."