துன் முத்தாஹிரா, வோல்சியா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டப்புற இளைஞர்கள், அரசனின் அன்பைப் பெற்றுப் பின் இழந்த ஒருவரைத் திருவிழா நாடகத்துக்குத் தேடி, இவ்விருவரிடையே தயங்குகிறார்கள்.

எழுச்சி: இப்ஸ்விச் இறைச்சிக் கடைக்காரரின் மகனான வோல்சி 1515-இல் கார்டினலாகவும் (கத்தோலிக்கத் திருச்சபையின் உயர்குரு) இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றியின் லார்ட் சான்சலராகவும் (தலைமை அமைச்சர்) உயர்ந்தார். தமிழ் முஸ்லிம் வழிவந்த முத்தாஹிர், செல்வாக்குள்ள குடும்பத்திலிருந்தே மலாக்கா சுல்தானகத்தின் பெண்டஹாரா (முதலமைச்சர்) ஆனவர். ஏறிய படிகள் குறைவு.

வீழ்ச்சி: அரசனுக்கு மணவிலக்குப் பெற்றுத்தர இயலாத வோல்சி 1529-இல் பதவியிழந்து, மறு ஆண்டு கைதியாக லண்டன் செல்லும் வழியில் லெஸ்டரில் நோயுற்று இறந்தார். முத்தாஹிரோ, மகள் துன் பாத்திமாவைச் சுல்தான் மஹ்மூத் ஷாவுக்குக் காட்டாமல் வேறொருவருக்கு மணமுடித்துக் கொடுத்த மனக்கசப்போடு துரோகப் புகாரும் சேர, 1510-இல் கொல்லப்பட்டார் என்கிறது மலாய் வரலாற்று நூலான செஜாரா மெலாயு. மறு ஆண்டே மலாக்கா போர்த்துக்கீசியரிடம் வீழ்ந்ததால், காட்சி தானாகவே கனக்கிறது.

செலவு: வோல்சிக்குக் கார்டினலின் செந்நிற அங்கியைத் தைக்கவேண்டும், முத்தாஹிருக்கான பாஜு மெலாயுவும் (மலாய் ஆடவர் உடை) சம்பினும் (இடுப்பில் சுற்றும் துணி) அண்டை வீட்டில் இரவல் கிடைக்கும்.

தனிநடிப்புக்கு வோல்சியும், ஊரே கூடி நடிக்க முத்தாஹிரும் பொருந்துவர். என் வாக்கு பின்னவருக்கே.