மண்டபத்தில் ஐந்து நாள் ஆய்வுப் பயிற்சி: 3,000 ரூபாய்க்குத் தகுமா?

பதினொரு வருடமாக நான் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊர்க் கரையில் ஆள் சேர்த்துக் கொடுப்பவள். கல்லூரியிலிருந்தோ தொண்டு நிறுவனத்திலிருந்தோ யாராவது கேள்வித்தாளோடு வந்து இறங்கினால், கடல்பாசி எடுக்கும் பெண்கள் பத்துப் பேரைக் கூப்பிட்டுப் பூவரச மரத்தடியில் உட்கார வைப்பது என் வேலை. அம்மாவும் பாசிக்குப் போனவர் என்பதால் என் பேச்சுக்கு வருவார்கள். வந்தவர்கள் எழுதிக்கொண்டு போவார்கள். எழுதியது என்ன ஆயிற்று என்று ஒருவரும் திரும்பி வந்து சொன்னதில்லை. அந்தக் கேள்வித்தாளை எப்படித்தான் தயாரிக்கிறார்கள் என்று பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையில்தான், சமூகப் பணியாளர்களுக்கான ஆய்வு முறைகளும் அறநெறியும் என்று மண்டபத்தில் நடந்த இந்த ஐந்து நாள் வகுப்பில் 3,000 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன்.

சில்லறை விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். இருபத்திரண்டு பேர் இருந்தோம். மின்விசிறி நான்கில் இரண்டு ஓடவில்லை. மதியச் சாப்பாடு கட்டணத்திலேயே அடக்கம். முதல் நாள் சங்கரா மீன் குழம்பு பிரமாதம், மூன்றாம் நாளிலிருந்து சாம்பாருக்கு இறங்கிவிட்டார்கள். கையேடு ஆங்கிலத்தைத் தமிழாக்கியது. ‘ஏற்புடைமை’, ‘நம்பகத்தன்மை’ இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பதை நான்கு தடவை வாசித்தும் எனக்குப் பிடிபடவில்லை. பாடம் எடுத்த பேராசிரியை தராசை வைத்து ஒரே நிமிடத்தில் விளங்க வைத்தார்: எத்தனை முறை நிறுத்தாலும் ஒரே எடை காட்டினால் அது நம்பகம், காட்டுகிற எடை உண்மையான எடையாகவும் இருந்தால் ஏற்புடைமை. ஒவ்வொரு தடவையும் ஒழுங்காக நூறு கிராம் குறைத்துக் காட்டும் தராசு முதலாவதில் தேறும், இரண்டாவதில் தோற்கும். பாசி வியாபாரியிடம் நின்ற எங்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

களப்பயிற்சி மூன்றாம் நாள், தென்கடல் என்று நாங்கள் சொல்லும் மன்னார் வளைகுடாப் பக்கத்து ஊர் ஒன்றில். அது அமாவாசைக்கு மறுநாள். எங்கள் பக்கம் அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள் என்று மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் பாசி எடுப்பது. பெண்கள் தாங்களே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, சேலைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு விடியற்காலையிலேயே கடலுக்குள் இறங்கியிருப்பார்கள். நாங்கள் காலை பத்து மணிக்குப் போய் நின்றோம். வீட்டில் இருந்தவர்கள் மூப்பான பெண்கள், உடம்புக்கு முடியாதவர்கள், கைக்குழந்தைக்காரி ஒருத்தி. கிடைத்தவர்களைக் கேட்டு எழுதுவதற்கு ‘வசதி மாதிரி’ என்று பெயராம். யாருக்கு வசதி என்று கேட்டேன். பேராசிரியை சிரித்துவிட்டார். சிரித்ததோடு நிற்கவில்லை, மறுநாள் பாடத்தையே அதிலிருந்து தொடங்கினார்.

1936-ல் அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் ஒரு பத்திரிகை ஒரு கோடிப் பேருக்கு அஞ்சலில் மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. லாண்டன் ஜெயிப்பார் என்று பத்திரிகை எழுதியது. ரூஸ்வெல்ட் அமோகமாக ஜெயித்தார். டெலிபோனும் காரும் வைத்திருந்தவர்களின் பட்டியலிலிருந்து முகவரி எடுத்ததும், சீட்டைத் திருப்பி அனுப்பும் ஆர்வம் ஒரு பக்கத்தாருக்கே கூடுதலாக இருந்ததும்தான் காரணம். எத்தனை பேரைக் கேட்டாய் என்பதைவிட யார் விட்டுப்போனார்கள் என்பதைப் பார் என்றார். நேற்றுக் கடலில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் எங்கள் கணக்கில் விட்டுப்போனவர்கள். தேதி குறிக்கும் முன் நாட்காட்டியில் பிறையைப் பார்த்திருந்தால் போதும்.

‘ஆறு வீட்டுக்கு ஒரு வீடு’ என்று வீட்டை எண்ணித் தேர்ந்தெடுக்கும் முறையும் அங்கே சிக்கியது. வீடுகள் தெருவாகவா இருக்கின்றன? மணல்மேட்டில் ஒன்று, பனைக்குப் பின்னால் மூன்று. அதுவும் ஒரே கூரைக்குள் மூன்று அடுப்பு. மகன் குடும்பம் தனி, மகள் குடும்பம் தனி, ஆத்தா தனி. இது ஒரு வீடா மூன்றா என்று என் குழுவில் சண்டையே வந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பொதுச் சமையலை வைத்துத்தான் குடும்பத்தை எண்ணுகிறார்கள் என்று பேராசிரியை சொன்ன பிறகே அடங்கினார்கள். அடுப்பை எண்ணுங்கள் என்று நான் முதலிலேயே சொன்னேன். அதைச் சொல்லாமல் விட மனசில்லை.

அடுத்து வருமானம். “உங்கள் மாத வருமானம் எவ்வளவு?” என்று அச்சடித்திருந்தது. “எந்த மாதம் தாயி?” என்று திருப்பிக் கேட்டார் ஒரு ஆத்தா. வாடைக்காற்றில் ஒரு கணக்கு, கச்சான் காற்றில் ஒரு கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலத்தில் இன்னொரு கணக்கு. படிவத்தில் இருந்ததோ ஒரே ஒரு கட்டம். கடைசியில், போன அமாவாசைக்கு எத்தனை நாள் இறங்கினீர்கள், எத்தனை கிலோ, என்ன விலை என்று பிரித்துக் கேட்டோம். விரல் விட்டு எண்ணி உடனே சொன்னார்.

இனி என் மனக்குறை. அறநெறிக்கு ஒதுக்கியது ஐந்தாம் நாள் மதியம் மூன்று மணியிலிருந்து நாலரை வரை. பாதிப் பேர் பஸ்ஸுக்கு நேரம் பார்க்கும் வேளை. அமெரிக்காவில் டஸ்கிகீ என்ற இடத்தில் 1932 முதல் 1972 வரை ஏழைக் கறுப்பினத்தவருக்கு மேகநோய் (சிபிலிஸ் என்ற பால்வினை நோய்) இருந்தும் வைத்தியம் செய்யாமல் அரசு மருத்துவர்களே வேடிக்கை பார்த்ததும், பென்சிலின் வந்த பிறகும் கொடுக்காததும், அதன் பிறகு 1979-ல் ஆய்வில் மனிதரை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லும் பெல்மான்ட் அறிக்கை வந்ததும் திரையில் ஓடின. மனிதருக்கு மதிப்பு, நன்மை செய்தல், நீதி என்று அந்த அறிக்கை சொல்லும் மூன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டோம். நான் கையைத் தூக்கி, பன்னிரண்டாம் கேள்வியைப் படிக்கச் சொன்னேன்.

“எந்தத் தீவுப் பக்கம் பாசி எடுக்கிறீர்கள்?”

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-லிருந்து தேசியப் பூங்கா. அங்கே கால் வைத்தால் வழக்கு. அந்தக் கேள்விக்கு உண்மையைச் சொல்வது ஒப்புதல் வாக்குமூலம் கொடுப்பது மாதிரி. அதே தாளின் தலையில் பெயர், வார்டு, கைபேசி எண். இருபத்தேழு படிவம் எங்கள் பைகளில் இருந்தது.

அறை அமைதியாகிவிட்டது. பேராசிரியை சமாளிக்கவில்லை, தன் கவனத்துக்கு வராமல் போனது என்று ஒப்புக்கொண்டார். கத்தரிக்கோல் வரவழைத்து இருபத்தேழு தாளின் தலைப்பகுதியையும் நாங்களே வெட்டினோம். தாளுக்கு எண் மட்டும். எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் தனி உறையில், வேறு இடத்தில். பன்னிரண்டாம் கேள்வியின் பதிலை மை வைத்து அழித்தோம். எதற்கென்று தெரியாத தகவலைக் கேட்காதே என்றார். 3,000 ரூபாயில் பாதியை அந்த அரைமணி நேரத்துக்கே கொடுப்பேன்.

பிறகு பேச்சு நீண்டது. ஊர்த்தலைவர் சரி என்றாரே, அது போதாதா என்று ஒருவர் கேட்டார். தலைவரின் அனுமதி ஊருக்குள் நுழைவதற்கு. ஒவ்வொருவரின் சம்மதத்துக்கும் அது ஈடாகாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறையே சொல்கிறதாம். இத்தனை வருடம் தலைவரை முன்னால் நிறுத்தித்தான் நான் ஆள் சேர்த்தேன். அவர் நிற்கும்போது எந்தப் பெண் மாட்டேன் என்பாள்? கைநாட்டு வாங்குவதும் அப்படித்தான். இங்கே தாளில் விரல் வைப்பது என்றால் ஒன்று கடன், இல்லையேல் வழக்கு. வாய்ச் சம்மதத்தை ஒரு சாட்சியோடு குறித்துக்கொள்ளவும் வழி இருக்கிறது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஏர்வாடிப் பக்கமிருந்து வந்த தம்பி ஒருவர், மனநோயாளிக்கு உறவினர் கையெழுத்துப் போட்டால் ஆய்வில் சேர்க்கலாமா என்றார். 2001 ஆகஸ்ட் 6 அன்று அதே ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகியது இங்கே யாருக்கு மறக்கும்? டஸ்கிகீ வரை போன பாடத்தில் அது ஒரு வரிகூட வரவில்லை. நோயாளியின் சொந்தச் சம்மதம் வேண்டும், அது முடியாத நிலையில் மாநில மனநல ஆணையத்தின் அனுமதி வேண்டும், உறவினர் கையெழுத்து மட்டும் செல்லாது என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்திலிருந்து பேராசிரியை பதில் சொன்னார். அதற்குள் ஐந்தரை. எட்டுப் பேர் கிளம்பிப் போயிருந்தார்கள்.

கணினிப் பாடம் வீண். இருபத்திரண்டு பேருக்கு மூன்று மடிக்கணினி. எக்செல் கட்டத்தில் யாரோ எண் அடிப்பதைத் திரையில் பார்த்ததோடு சரி. சான்றிதழ் இன்னும் வந்து சேரவில்லை.

இருந்தும் சேரலாம். ஐந்தில் நான்கு கொடுப்பேன்; அறநெறியை முதல் நாள் காலைக்கு மாற்றினால் ஐந்துமே கொடுத்துவிடுவேன். கருத்துப் படிவத்திலும் அதைத்தான் எழுதினேன். போன வாரம் அந்த ஊருக்கே மறுபடி போய், எங்கள் குழு எழுதியதை ஒன்பது பெண்களுக்கு வாசித்துக் காட்டினேன். மரிக்கொழுந்துப் பாசியின் விலையைக் கட்டக்கோரை என்ற இன்னொரு பாசிக்குப் போட்டிருக்கிறாய் என்று ஒரு அக்கா திருத்தினார். அடித்து எழுதிக்கொண்டேன்.

அடுத்த வகுப்பு தடைக்காலம் முடிந்ததும் என்றார்கள். ஓடுகிற மின்விசிறி இரண்டும் ஜன்னல் பக்கம் இருக்கின்றன. சீக்கிரம் போய் இடம் பிடியுங்கள்.