சொரியாசிஸ் மூட்டுவாதம்: இதயத்தை முன்வைத்து மருந்துகளை ஒப்பிட்டால்

தோல் நோயான சொரியாசிஸோடு மூட்டுவாதமும் உள்ளவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் முதலிய நோய்கள் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 43 விழுக்காடு கூடுதல் என்று 2017ஆம் ஆண்டின் தொகுப்பாய்வு ஒன்று கணக்கிட்டது. மூட்டை அரிக்கும் அதே அழற்சி இரத்தக்குழாயின் உட்சுவரையும் கெடுக்கிறது; உடற்பருமனும் நீரிழிவும் இவர்களிடம் மிகுதி. ஆகவே வலி தணிவதை மட்டும் பார்த்து மருந்தைத் தேர்ந்தெடுக்க இயலாது.

மதுரையிலும் சுற்றூர்களிலும் மருந்துக்கடையில் சீட்டில்லாமலே கேட்டு வாங்கப்படும் வலிநிவாரணியான டைக்ளோஃபினாக், இதயத்தின் பக்கம் நின்று பார்த்தால் கடைசியில் வைக்கத்தக்கது. இதயக்குழாய் அடைப்பு உள்ளவர்களுக்கு அதைக் கொடுக்கவே கூடாது என்று ஐரோப்பிய மருந்து முகமை 2013இல் அறிவித்தது. இன்னொரு வலிநிவாரணியான எட்டோரிகாக்சிப்பும் இரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு ஆகாது. நாப்ராக்சன் இவ்விரண்டைவிட இதயத்துக்குத் தீங்கு குறைந்தது. ஆனால் அதுவும் வயிற்றுப்புண்ணை உண்டாக்கக்கூடியதே. இவற்றுள் எதுவும் மூட்டுச் சிதைவைத் தடுப்பதில்லை.

அழற்சியை அடக்க வாரம் ஒருமுறை மட்டும் உண்ணும் மெத்தோட்ரெக்சேட் விலை மலிவானது, தோலுக்கும் உதவுவது. கல்லீரலையும் இரத்த அணுக்களையும் அவ்வப்போது சோதித்துக்கொண்டால் பெரும்பாலோர்க்கு இதுவே முறையான தொடக்கம் என்பது என் கருத்து. மது அருந்துபவருக்கு மட்டும் அந்தக் கருத்தை மாற்றிக்கொள்வேன்.

அது போதாதபோது முன்வரும் அடாலிமுமாப் போன்ற டிஎன்எஃப் ஊசிகள் (அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் என்ற புரதத்தைத் தடுப்பவை) அழற்சியை வலுவாக அடக்குகின்றன. இவற்றைப் பெறுவோரிடம் மாரடைப்பு குறைவாகக் காணப்படுவதாகப் பல கண்காணிப்பு ஆய்வுகள் கூறுகின்றன. அடாலிமுமாபின் இந்தியத் தயாரிப்பும் 2014 முதல் கிடைக்கிறது. எனினும் கடுமையான இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு இவை விலக்கு. நம் பகுதியில் காசநோய் பரவலாக இருப்பதால், உறங்கிக் கிடக்கும் தொற்று உண்டா என்று பார்க்காமல் முதல் ஊசியைப் போடுவதும் பிழை.

அழற்சியை அடக்கும் டோஃபாசிடினிப் மாத்திரை ஊசியைவிட வசதியானதுதான். ஆனால் இதய ஆபத்துக்காரணி ஏதேனும் கொண்ட, 50 வயது கடந்த முடக்குவாத நோயாளிகளிடம் நடந்து 2022இல் வெளியான சோதனையில், அதை உண்டவர்களுள் 3.4 விழுக்காட்டினருக்கும் டிஎன்எஃப் ஊசி பெற்றவர்களுள் 2.5 விழுக்காட்டினருக்கும் கடும் இதய, இரத்தக்குழாய் நிகழ்வுகள் நேர்ந்தன. சொரியாசிஸ் மூட்டுவாதக்காரர்கள் அச்சோதனையில் இல்லாவிடினும், புகைபிடிப்பவருக்கும் 65 வயது தாண்டியவருக்கும் வேறு வழியில்லாதபோது மட்டுமே இதை நாடலாம் என்றே கொள்ள வேண்டும்.

இதயம் ஏற்கெனவே செயலிழந்திருப்பவருக்கு டிஎன்எஃப் ஊசிக்கு மாற்றாக செக்குகினுமாப் என்னும் வேறு வகை ஊசி உண்டு. தோலுக்கு அது இன்னும் சிறப்பாக வேலை செய்கிறது, ஆனால் நாட்பட்ட குடல் அழற்சி நோய் உள்ளவருக்கு உகந்ததன்று. பெரியாஸ்பத்திரிக்குச் செல்பவர்கள் மூட்டுப் பரிசோதனையோடு இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றின் அளவுகளையும் கேட்டுக் குறித்துக்கொண்டால், இவற்றுள் எது தமக்கு ஒத்துவரும் என்று மருத்துவர் முடிவுசெய்வது எளிதாகும்.