டென்ஷனர் வாங்கப் போகிறீர்களா? குமிழில் அச்சடித்த கிராம் கணக்கை நம்பாதீர்கள்

பீன்யா தொழிற்பேட்டைப் பக்கம் ரிலே காயில், சோலினாய்டு காயில் சுற்றுகிற சின்ன யூனிட்காரர்கள் இதைப் படித்துவிட்டு டென்ஷனருக்கு அட்வான்ஸ் கொடுங்கள். (காயில் சுற்றும்போது கம்பியை பிரேக் போட்ட ஒரு சக்கரம் வழியாக விட்டு, ஒரே இழுவிசையில் வைத்திருக்கும் கருவிதான் டென்ஷனர்.) பெங்களூரு டீலர் ஒருவர் எங்கள் யூனிட்டுக்கு ‘இம்போர்ட்டட் மேக்னெட்டிக் டென்ஷனர், 10 முதல் 100 கிராம்’ என்று சொல்லி விற்ற பெட்டிக்குள் இருந்தது ஃபெல்ட் (அமுக்கிய கம்பளி) வாஷரும் ஒரு ஸ்பிரிங்கும்தான். மூடியின் உள்பக்கம் வட்டக் காந்தம் ஒன்று ஒட்டியிருந்தது. அது எதனுடனும் சேர்ந்து வேலை செய்யவில்லை. குமிழைச் சுற்றி அழகாக கிராம் எண்கள்.

0.10 மி.மீ. எனாமல் (மின்காப்புப் பூச்சு) கம்பியில்தான் குட்டு வெளிப்பட்டது. மெஷின் கிளம்பும்போதே கம்பி அறுந்தது. அறாமல் சுற்றி முடிந்த காயில்களில் ரெசிஸ்டன்ஸ் ஏறிக் கிடந்தது. டீலரிடம் கேட்டால், ‘உங்கள் கம்பி மட்டம், வேறு பிராண்ட் போடுங்கள்’ என்ற ஒரே பதில். எல்லாரிடமும் இதைத்தான் சொல்வார்கள். கம்பியா டென்ஷனரா என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது.

அதே ஸ்பூலில் இருந்து புதுக் கம்பி 10 மீட்டர் அளந்து வெட்டுங்கள். சந்தேகப்படும் காயிலில் இருந்து இழுக்காமல், மெதுவாகப் பிரித்து இன்னொரு 10 மீட்டர் எடுங்கள். இரண்டின் ரெசிஸ்டன்ஸையும் ஒரே நேரத்தில், ஒரே மீட்டரில் பாருங்கள். 0.10 கம்பிக்கு 20 டிகிரியில் மீட்டருக்குச் சுமார் 2.18 ஓம், ஆக 10 மீட்டருக்கு 21.8. செம்புக்கு டிகிரிக்கு 0.39 சதவீதம் ஏறும் என்பதால் 28 டிகிரியில் 22.5 காட்டும். எங்கள் ஸ்பூல் கம்பி இந்தக் கணக்குக்குச் சரியாக நின்றது. காயிலில் இருந்து பிரித்தது 23.6. ஒரே கம்பி, டென்ஷனர் வழியாகப் போய் வந்ததும் 5 சதவீதம் கூடிவிட்டது என்றால், அது வழியில் நீண்டு மெலிந்திருக்கிறது. டர்ன் (சுற்று) எண்ணிக்கை சரியாக இருந்தும் காயில் ரிஜெக்ட் ஆவது இதனால்தான். கம்பி நீளும்போது எனாமலும் சேர்ந்து இழுபடும். அப்போது விழுகிற நுண்ணிய வெடிப்பு ரெசிஸ்டன்ஸில் தெரியாது, பிறகு டர்ன் ஷார்ட்டாக (பக்கத்துச் சுற்றுகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொள்வதாக) வந்து நிற்கும்.

0.10 கம்பி அறுவது சுமார் 180 கிராமில். ஆனால் மென்செம்பு 80 கிராம் தாண்டினாலே நிரந்தரமாக நீளத் தொடங்கிவிடும். அதனால் நாசில் (கம்பி காயிலுக்குப் போகுமுன் வெளிவரும் குழாய்) வாயில் 40 முதல் 50 கிராமுக்குள் நிறுத்த வேண்டும். நாசில் வாயில் என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். டென்ஷனரை விட்டு வந்த கம்பி ஒவ்வொரு கைடிலும் வளையும்போது இழுவிசை கூடும். செராமிக் கண்ணில் (கம்பி நுழைந்து போகும் கைடு வளையத்தில்) உராய்வுக் குணகம் 0.2 என்று வைத்தால், 90 டிகிரி திருப்பம் ஒவ்வொன்றும் 1.37 மடங்கு கூட்டும். இரண்டு திருப்பம் என்றால் கிட்டத்தட்ட 1.9 மடங்கு, மூன்று என்றால் 2.6. நாசிலில் 45 வேண்டுமானால், இரண்டு திருப்பம் உள்ள மெஷினில் டென்ஷனர் 24 கிராமில் நிலையாக ஓட வேண்டும்.

எங்களுக்கு விற்ற பெட்டி அங்கே வரவே வராது. சோதித்தது இப்படி: டென்ஷனர் சக்கரத்தில் கம்பியைச் சுற்றி, வெளிவரும் இடத்தில் நேராகக் கீழே தொங்கவிட்டு, நகைக்கடைத் தராசு எடைக்கற்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். எத்தனை கிராமில் கம்பி தானாக இறங்கத் தொடங்குகிறது, எத்தனைக்குக் குறைத்தால் ஓட்டம் நிற்கிறது என்று இரண்டு எண்ணையும் குறித்தோம். நல்ல டென்ஷனரில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இதில் குமிழ் 10 கிராமில் இருந்தபோதே தொடங்க 65 தேவைப்பட்டது, ஓட்டம் நின்றது 38-இல். இரண்டு திருப்பம் தாண்டினால் தொடக்கத்தில் 120-க்கு மேல், ஓடும்போது 70. செவ்வக பாபினின் (காயில் சுற்றும் சட்டத்தின்) மூலைகள் கொடுக்கும் வெட்டி இழுப்பு இதற்கு மேல். கம்பி நீளாமல் என்ன செய்யும்?

அந்த மூலை விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். 10க்கு 20 மி.மீ. பாபினில் கம்பி இழுபடும் ஆரம் ஒரே சுற்றுக்குள் 5 மி.மீ.யில் இருந்து 11 மி.மீ. வரை ஏறி இறங்கும். அதனால் கம்பியின் வேகமும் இரண்டு மடங்குக்கு மேல் ஏறி இறங்கும். 3000 ஆர்.பி.எம்.மில் நொடிக்கு 200 மூலை. எந்த பிரேக்கும் தனியாக இதைத் தாங்காது. லேசான ஸ்பிரிங் கை ஒன்று இடையில் ஆடி ஏற்ற இறக்கத்தை விழுங்க வேண்டும். சக்கரமும் லேசாக இருக்க வேண்டும். எங்களுக்கு வந்த சக்கரம் அலுமினியம் நிறத்தில் பெயின்ட் அடித்த இரும்பு. காந்தம் வைத்தவுடன் ஒட்டிக்கொண்டது. ஸ்பிரிங் கை ஆட வேண்டிய தூரத்தில் பாதிதான் ஆடியது, அதற்குள் ஸ்டாப்பரில் முட்டியது.

கடையிலேயே பார்க்க வேண்டியவை: சக்கரத்தை விரலால் மிக மெதுவாகத் திருப்புங்கள், பிறகு வேகமாக. நிஜமான ஹிஸ்டெரிசிஸ் பிரேக்கில் (உரசாமல் காந்தப்புலத்தாலேயே பிடிக்கும் வகை, ‘மேக்னெட்டிக்’ என்று சொன்னால் நாம் எதிர்பார்ப்பது இதைத்தான்) இரண்டிலும் ஒரே இழுவை, தேய்க்கும் பாகம் இல்லாததால் சத்தமும் இருக்காது. ஃபெல்ட் என்றால் முதலில் பிடித்து, பிறகு வழுக்கும். பக்கவாட்டில் டார்ச் அடித்தால் இழை தெரியும். (ஃபெல்ட் டென்ஷனரே ஆகாது என்று சொல்லவில்லை. 0.30-க்கு மேல் தடித்த கம்பிக்கு நன்றாகவே ஓடும், மெழுகும் தூசியும் ஏறும்போது மாற்றினால் போதும். ஃபெல்ட் விலைக்கு ஃபெல்ட் என்று சொல்லி விற்கட்டும்.) நிஜ ஹிஸ்டெரிசிஸிலும் ஒரு பழக்கம் வேண்டும்: சக்கரம் நிற்கும்போது குமிழைக் குறைத்தால் சக்கரம் கட்டம் கட்டமாகத் தட்டும். சுற்றிக்கொண்டே குறைத்தால் அந்தத் தட்டல் வராது. இதைச் சொல்லத் தெரியாத விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம்.

பில் விஷயம். எங்கள் பில்லில் ‘டென்ஷனர் 1 நம்பர்’ என்று மட்டும் போட்டிருந்தது. தொழிலுக்காக வாங்கும் பொருளுக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொதுவாக உதவாது, சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கியவர்களுக்கு மட்டுமே விலக்கு. மற்றவர்கள் 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவை நம்ப வேண்டும்: விவரித்து விற்ற பொருள் அந்த விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்பது அது. ஆனால் விவரம் எழுத்தில் இருந்தால்தானே காட்ட முடியும்? ஆகவே ‘ஹிஸ்டெரிசிஸ் வகை, இத்தனை முதல் இத்தனை கிராம்’ என்று மாடல் எண்ணோடு பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் கடையை மாற்றுங்கள். டெலிவரி வந்த அன்றே, டென்ஷனரின் மூடியைக் கழற்றாமல், மேலே சொன்ன எடைச் சோதனையை வீடியோ எடுத்து டீலருக்கு அனுப்புங்கள். ஸ்க்ரூவைத் தொட்டுவிட்டால், ‘நீங்கள்தான் கழற்றிக் கெடுத்தீர்கள்’ என்று அவர்கள் கைவிரிக்க அது போதும்.