ஐந்து நிமிடம் பேசச் சொல்லும் ஆலோசனை மையம்

என்னோடு ஒரே குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்து, இப்போது கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு தயாரிக்கும் ஒரு பட்டறையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன், "அண்ணா, நீங்க போற அந்தக் கவுன்சிலிங் இடம் எப்படி, நான் போகலாமா?" என்று போன வாரம் கேட்டிருந்தான். அவனுக்குப் பதில் எழுத உட்கார்ந்த அன்றே, ஆண்டுவிழாவில் பேச வருமாறு அந்த ஆலோசனை மையத்தின் அலுவலகத்திலிருந்து எனக்கு மறுபடியும் ஓர் அழைப்பு வந்தது. ஆகவே இதில் நியாயம் எவ்வளவு, எரிச்சல் எவ்வளவு என்பதைப் படிப்பவர்களே பிரித்துக்கொள்ள வேண்டும். மையத்தின் பெயரை எழுதப் போவதில்லை. ஹோமில் வளர்ந்தவர்கள் ஒருவரையொருவர் கேட்டே தெரிந்துகொள்வார்கள்; மற்றவர்களுக்கு அது தேவையில்லை.

சட்டம் எதுவரை வரும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். இளைஞர் நீதிச் சட்டம், 2015, பதினெட்டு வயதில் இல்லத்தை விட்டு வெளியேறுபவருக்கு 21 வயது வரை பிற்காப்பு, அதாவது வெளியே வந்த பிறகும் தொடரும் உதவி, உண்டு என்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாதிரி விதிகள், தனிப்பட்ட காரணம் இருந்தால் 23 வரை நீட்டிக்க இடம் தருகின்றன. மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் பிற்காப்புக்கென மாதம் 4,000 ரூபாய் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்த வயதுக்குப் பிறகு நாங்கள் பொதுமக்கள். 1098 என்ற உதவி எண் குழந்தைகளுக்கானது. 14416 என்ற டெலிமானஸ் எண், அரசின் மனநல உதவி எண், எல்லோருக்குமானது. இரவு எந்நேரமும் தமிழில் பேசலாம் என்பதால் அதைக் கைப்பேசியில் பதிந்து வைத்திருப்பது நல்லது. ஆனால் இல்லத்தில் வளர்ந்ததன் விளைவு முப்பது வயதுக்கு மேல்தான், அதுவும் பெரும்பாலும் கல்யாணத்துக்குப் பிறகுதான், முழுதாகத் தெரியவருகிறது என்பதை எந்த விதியும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. வயது வரம்பில்லாமல் எங்களைச் சேர்த்துக்கொள்கிற இடம் என்பதற்காகவே நான் இந்த மையத்துக்குப் போகத் தொடங்கினேன்.

நான் எதிர்பாராத நன்மை ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பின்னால் வரப்போகும் பகுதியில் அதற்கு இடமிருக்காது. அங்கே இருக்கிற ஆலோசகர் அம்மா, முதல் நாளில் அப்பா யார், அம்மா யார், ஏன் விட்டுப் போனார்கள் என்று எதையும் கேட்கவில்லை. சாப்பாட்டு மணி எத்தனை மணிக்கு அடிப்பார்கள், ஹாலில் எத்தனை பேர் படுப்பீர்கள், டிரங்குப் பெட்டிக்குப் பூட்டு உண்டா, சாவியை எங்கே வைத்துக்கொள்வாய் என்றுதான் கேட்டார். அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே போனபோது, என் மனைவி பல ஆண்டுகளாகக் குறைப்பட்டுக்கொண்டிருந்த ஒவ்வொன்றுக்கும் காரணம் வெளியே வந்தது. நான் ஏன் தட்டை மறைத்தாற்போல் குனிந்து வேகமாகச் சாப்பிடுகிறேன், சொந்த வீட்டிலேயே குளிர்சாதனப் பெட்டியைத் திறக்க ஏன் கேட்டுவிட்டுத் திறக்கிறேன், சோப்பும் பிஸ்கட்டும் தீரும் முன்பே வாங்கி ஏன் துணிகளுக்கு அடியில் வைக்கிறேன், விளக்கணைத்த தனியறையில் ஏன் தூக்கம் வராமல் புரள்கிறேன் என்பவற்றுக்கெல்லாம் நான் வைத்திருந்த ஒரே பதில் "பழக்கம்" என்பதுதான். அது போதாது என்று அவரும் சொல்லவில்லை. எந்தப் பழக்கம் இப்போது தேவையில்லை, எதை வைத்துக்கொண்டால் கெடுதல் இல்லை என்று பொறுமையாகப் பிரித்துக் காட்டினார். பிஸ்கட் இன்னும் துணிக்கு அடியில்தான் இருக்கிறது, அதில் தப்பில்லை என்று இருவரும் முடிவு செய்துவிட்டோம்.

என் மனைவியையும் அழைத்துப் பேசினார். கோபம் வந்தால் இந்த மனிதர் சண்டை போடாமல் காணாமற்போய்விடுகிறாரே என்பது அவளுடைய புகார். வார்டனிடம் எதிர்த்துப் பேசியவன் அன்று இரவு எங்கே நின்றிருப்பான் என்பதை அவளிடம் நான் ஒருபோதும் சொன்னதில்லை. அந்த அறையில்தான் சொன்னேன். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் கூட்டத்தையும் குறை சொல்ல மாட்டேன்: ஐம்பது வயதைக் கடந்த அக்காக்கள், நேற்று இல்லத்திலிருந்து வந்த பையன்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, விரும்பினால் பேசி, விரும்பாவிட்டால் டீ குடித்துவிட்டுப் போகலாம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கதவு திறந்திருக்கும். ஊருக்குப் போவதற்கு ஊர் இல்லாதவர்களுக்கு அது எவ்வளவு பெரிது என்று விளக்க வேண்டியதில்லை.

இனி அந்த ஐந்து நிமிடம். ஒவ்வோர் ஆண்டும் விழா வருகிறது, ஒவ்வொரு முறையும் "சும்மா ஒரு ஐந்து நிமிடம் பேசுங்கள் சார், நன்கொடையாளர்கள் கேட்கிறார்கள்" என்று அலுவலகத்திலிருந்து அழைக்கிறார்கள். என்ன பேச வேண்டும் என்பதையும் நாசூக்காகச் சொல்லிவிடுவார்கள்: முன்பு எப்படி இருந்தேன், மையத்துக்கு வந்த பிறகு எப்படி மாறினேன். மறுத்தால் வருத்தப்படமாட்டார்கள், இரண்டு வாரம் கழித்து வேறொருவர் அழைப்பார். பதிவுப் படிவத்தின் இரண்டாம் பக்கத்தில், எங்கள் படத்தையும் அனுபவத்தையும் நிதி திரட்டுவதற்குப் பயன்படுத்தலாம் என்று ஒப்புதல் கேட்கும் வரி ஒன்று, முகவரிக்கும் கையொப்பத்துக்கும் நடுவில் இருக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மனநல நிறுவனத்தில் சிகிச்சை பெறுபவரின் படத்தை அவருடைய இசைவின்றி ஊடகத்துக்குத் தரக்கூடாது என்கிறது. எங்கள் மையம் மருத்துவமனை அன்று, அதனால் அந்தப் பிரிவு நேராகப் பொருந்தாது என்று வாதிடலாம். ஆனால், கண்ணீரோடு பேசிவிட்டு வந்த அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அந்தப் பேச்சையே மேடைக்குக் கேட்பது சரியன்று என்று தெரிந்துகொள்ளச் சட்டம் எதற்கு?

இதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்று வெளியாட்கள் கேட்கக்கூடும். இல்லத்தில் எங்களுக்குக் கறிச்சோறு கிடைத்த நாட்கள் யாரோ ஒருவர் வீட்டுக் குழந்தையின் பிறந்தநாட்கள். சோறு ஆறிக்கொண்டிருக்க, நாங்கள் வரிசையில் நின்று முன்பின் தெரியாத அந்தக் குழந்தைக்கு வாழ்த்துப் பாடுவோம், கண்ணை மூடி அந்தக் குடும்பத்துக்காக வேண்டிக்கொள்வோம், படம் எடுத்து முடிந்த பிறகே உட்காருவோம். ஸ்பான்சருக்குக் கிறிஸ்துமஸ் கடிதம் எழுதும்போது கரும்பலகையில் எழுதிப் போட்டதைத்தான் பார்த்து எழுதினோம். கொடுத்தவர்கள் நல்லவர்கள், அந்தச் சோறு ருசியாக இருந்தது. இரண்டையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வரிசையில் நின்ற உடம்பைச் சரிசெய்துகொள்ளத்தான் இந்த மையத்துக்கு வருகிறேன், இங்கேயும் மேடையோரம் ஒரு வரிசை போட்டு வைத்திருக்கிறார்கள்.

மையத்தின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. ஆலோசகருக்குச் சம்பளம் வேண்டும், வாடகை வேண்டும், 23 வயதுக்கு மேற்பட்டவருக்காக அரசு தலைக்கு ஒரு ரூபாயும் தருவதில்லை, நன்கொடை தரும் நிறுவனங்கள் முகம் கேட்கின்றன. தமிழ்நாட்டு இல்லங்களில் குழந்தைகளுக்கு நடந்த கொடுமைகளை ஒட்டி 2007-இல் தொடங்கிய வழக்கில் 2017 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, எல்லா இல்லங்களும் பதிவு பெற வேண்டும், ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் வேண்டும் என்றெல்லாம் உத்தரவிட்டது. இப்போது உள்ளே இருக்கும் பிள்ளைகளுக்கு அது பெரிய காரியம். அதற்கு முன்பே வெளியே வந்துவிட்ட எங்களுக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஆஸ்திரேலியாவில் இது வேறு விதமாக நடந்திருக்கிறது. கடந்த நூற்றாண்டில் அங்கே இல்லங்களிலும் வளர்ப்புக் குடும்பங்களிலும் வளர்ந்தவர்கள் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர். 2009 நவம்பர் 16 அன்று பிரதமர் கெவின் ரட் கான்பெராவில் அவர்களிடம் நாட்டின் சார்பாக மன்னிப்புக் கேட்டார். அதைத் தொடர்ந்து ஆலோசனையும் பழைய கோப்புகளைத் தேடித் தரும் உதவியும் அரசுச் செலவில் மாநிலந்தோறும் ஏற்படுத்தப்பட்டன. எழுபது வயதுக்காரரும் போகலாம். செய்த தவறுக்கு ஈடாகக் கொடுக்கப்படும் உதவி என்பதால், அதைப் பெறுபவர் யாருக்கும் நன்றி சொல்லி மேடையேற வேண்டியதில்லை. அங்கேயும் குறைகள் இருக்கும். இருந்தாலும் இந்த ஒரு காரணத்துக்காகவே எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

எனவே தம்பி, மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டுதான் கொடுப்பேன். ஆலோசகருக்கு ஐந்து கொடுக்கலாம். ஆனால் கீழ்த்தளத்தைத் தாண்டாமல் மாடிக்குப் போக வழியில்லை. போக வேண்டாம் என்றே இன்றைக்குச் சொல்லத் தோன்றுகிறது. அப்படியும் போவாய் என்றால், நான் அடுத்த மாதத்துக்கு நேரம் வாங்கியிருக்கும் அதே சனிக்கிழமை காலையைக் கேள், கூட்டம் குறைவு. படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒப்புதல் வரியை அடித்து, பக்கத்திலேயே சிறு கையொப்பம் போட்டுவிடு. யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கட்டணம் கிடையாது என்பார்கள், உன்னால் முடிந்ததைக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள். நான் கொடுக்கத் தொடங்கிய பிறகு அலுவலகத்தின் பேச்சில் மரியாதை கூடியிருக்கிறது. நன்கொடையாளர் பட்டியலிலும் என் பெயரைச் சேர்த்துவிட்டபடியால், விழா அழைப்பு இப்போது இரண்டாக வருகிறது.